வண்ணம் கடைசி வேலை: ஜார்ஜியா போர்க்களச் சாலையோரப் பலகையைச் சீர்செய்யும் முறை

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864 மே மாதம் வடதரப்புத் தளபதி ஷெர்மனின் படைகள் டென்னசியின் சாட்டனூகா பக்கமிருந்து தெற்கே இறங்கின. செப்டம்பர் 2-ஆம் தேதி அட்லாண்டா வீழ்ந்தது. அந்த வழி நெடுக, வடமேற்கு ஜார்ஜியாவின் சாலையோரங்களில் பச்சை நிற வார்ப்பு அலுமினியப் பலகைகள் நிற்கின்றன. பால்டிங் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) நியூ ஹோப் சர்ச் (மே 25), பிக்கெட்ஸ் மில் (மே 27), டல்லஸ் (மே 28) என நான்கே நாளில் மூன்று சண்டைகள். அதனால் அந்தப் பக்கத்துச் சாலைகளில் பலகைகள் நெருக்கம். பெரும்பாலானவை, 1951-இல் அமைந்த ஜார்ஜியா வரலாற்று ஆணையம் அந்தப் பத்தாண்டில் நட்டவை. அட்லாண்டா படையெடுப்புப் பலகைகளின் வாசகங்களை எழுதியவர் ஓவியரும் வரலாற்றாளருமான வில்பர் கர்ட்ஸ். எந்தப் படைப்பிரிவு எந்த மேட்டில், சாலைக்கு எந்தப் பக்கம் நின்றது என்பதுவரை அவர் எழுதிவைத்திருக்கிறார்.

எழுத்து மங்கி, பச்சை வெளுத்த பலகையைப் பார்த்ததும் எல்லோரும் பெயிண்ட் டப்பாவைத்தான் தேடுகிறார்கள். ஆனால் மங்கிய வண்ணத்தோடு ஒரு வார்ப்புப் பலகை பல பத்தாண்டுகள் நிற்கும். அது விழுவது கழுத்தில். பலகையின் அடிவிளிம்பு கம்பத்தில் உட்காரும் இடத்தில் தண்ணீர் தேங்கி, இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தின்று, ஒரு நாள் புல்வெட்டும் இயந்திரம் லேசாக உரசியதும் முறிந்துவிடும். ஆகவே வேலையைக் கழுத்திலிருந்து தொடங்க வேண்டும். கீழே சொல்லும் வரிசை அந்த அடிப்படையில் அமைந்தது.

தொடுவதற்கு முன்

பலகை பொதுச்சொத்து. 1998 முதல் பலகைத் திட்டத்தை ஜார்ஜியா வரலாற்றுச் சங்கம் நடத்துகிறது. கம்பம் நிற்கும் நிலம் பெரும்பாலும் சாலைத் துறையின் எல்லைக்குள் இருக்கும். இரண்டு இடத்திலும் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒரு திருகைக்கூடத் தளர்த்தாதீர்கள். பச்சையும் பொன்னிறமும் எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகையின் அடிவிளிம்பில் கவுன்டி எண்ணோடு சேர்ந்த பலகை எண், ஆணையத்தின் பெயர், ஆண்டு ஆகியவை புடைப்பாக இருக்கும். கவுன்டிகளை ஆங்கில அகரவரிசையில் எண்ணியிருப்பதால் காப் 033, பால்டிங் 110. இந்த எண் இல்லாமல் எந்தக் கடிதமும் நகராது. முதலில் அதைத் துடைத்துப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான்கு பதிவுகள்.

முதலாவது படம். காலை அல்லது மாலைச் சாய்வெளிச்சத்தில் எடுத்தால் புடைப்பெழுத்து தெளிவாக விழும். நடுப்பகல் படத்தில் பாதி எழுத்து தெரியாது. இரண்டு பக்கமும் எடுங்கள்.

இரண்டாவது திசை. எந்தப் பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று திசைகாட்டி வைத்து டிகிரியில் எழுதுங்கள். கம்பத்தின் நடுவிலிருந்து தார்ச்சாலை விளிம்புவரையும் அருகிலுள்ள அசையாத இரண்டு அடையாளங்கள்வரையும் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். "இந்தச் சாலைக்குக் கிழக்கே", "இவ்விடத்தில்" என்று பேசும் வாசகம் இது. கம்பத்தைச் சாலையின் எதிர்ப்பக்கம் மாற்றி நட்டால் அந்த வாசகமே பொய்யாகிவிடும்.

மூன்றாவது காந்தம். பலகையில் ஒட்டாவிட்டால் அலுமினியம், ஒட்டினால் வார்ப்பிரும்பு. கம்பத்திலும் போல்ட் தலையிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். அலுமினியப் பலகை இரும்புக் கம்பத்தில் நிற்கிறது என்றால் கழுத்தில் என்ன காத்திருக்கிறது என்பது கழற்றும் முன்பே தெரிந்துவிடும்.

நான்காவது வண்ணத்தின் பிடிமானம். கண்ணில் படாத மூலையில் கூர்க்கத்தியால் உலோகம்வரை பெருக்கல் குறி கீறி, அதன் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி, ஒரே இழுப்பில் உரியுங்கள். நாடாவோடு செதில் வந்தால் முழுவதும் சுரண்ட வேண்டிய பலகை. வெறும் பச்சைப் பொடி மட்டும் வந்தால் வண்ணம் மேல்மட்டத்தில்தான் செத்திருக்கிறது. அதைச் சுரண்டவே வேண்டாம். கழுவி, உரசி, மேலே அடித்தால் போதும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே காற்றழுத்தத்தில் மணல் பீச்சப் போனதால்தான் பல பலகைகளில் எழுத்தின் ஓரங்கள் மொழுமொழுவென்று போயிருக்கின்றன.

ஈயமும் குரோமேட்டும்

1950-களின் பச்சை எனாமலில் ஈயக் குரோமேட் இருக்க நிறைய வாய்ப்புண்டு. அடியில் மஞ்சள் கலந்த பச்சைப் பிரைமர் தெரிந்தால் அது துத்தநாகக் குரோமேட்டாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அலுமினியத்துக்கு வழக்கமாக அடித்தது அதைத்தான். கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சி துத்தநாகக் குரோமேட்டைக் காட்டாது. குச்சி நிறம் மாறவில்லை என்று நிம்மதியாக உலர்ந்த உப்புத்தாளைப் போடாதீர்கள். எப்போதும் நீர் தெளித்தே உரசுங்கள். பி-100 வடிகட்டி உள்ள முகமூடி, நைட்ரைல் கையுறை, கீழே 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு தடிமன்) பாலித்தீன் விரிப்பு, ஹெப்பா வடிகட்டி வைத்த வாக்குவம் ஆகியவை வேண்டும். சுரண்டிய செதிலையும் கழுவிய சேற்றையும் தனி வாளியில் மூடிவைத்து, கவுன்டியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள். நின்ற இடத்திலேயே சுரண்டி மண்ணில் விடுவது கூடாது. போர்க்கள மண் அது. பக்கத்தில் ஓடை இருந்தால் இன்னும் மோசம்.

கழுத்து

பலகையை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாங்க, ஒருவர் கழற்ற வேண்டும். ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே போல்ட்டில் விட்டுவையுங்கள். நட்டு நகராவிட்டால் நீளமான கைப்பிடி போட்டு முறுக்காதீர்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள வார்ப்புதான் முதலில் விரியும். போல்ட் தலையை அறுத்தெறிந்து, மீதியை நடுவில் துளையிட்டு எடுப்பது ஒரு மணி நேர வேலை. விரிந்த கழுத்தை வெல்டிங் செய்வது ஒரு நாள் வேலை.

கழற்றியதும் உள்ளே வெள்ளைப் பொடி நிரம்பியிருப்பதைப் பார்ப்பீர்கள். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் கரைந்து இந்தப் பொடியாகும். கரைந்த உலோகத்தைவிட இது அதிக இடம் பிடிப்பதால், பூட்டிய இடத்துக்குள் ஆப்பு அடித்ததுபோல் கழுத்தை உள்ளிருந்தே பிளக்கிறது. வெளியே மயிரிழை விரிசல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், மோதல் அல்ல.

நைலான் பிரஷ், துருப்பிடிக்காத எஃகு பிரஷ், மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் துண்டு ஆகியவற்றால் பொடியை முழுக்க எடுங்கள். சாதாரண இரும்புக் கம்பி பிரஷும் இரும்பு நார்ச்சுருளும் அலுமினியத்தின் பக்கமே வரக் கூடாது. அவற்றின் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, மூன்றே மாதத்தில் புது வண்ணத்துக்கு அடியிலிருந்து பழுப்புப் புள்ளிகளாக எட்டிப்பார்க்கும்.

திரும்பப் பூட்டும்போது 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு போல்ட், இரண்டு பக்கமும் நைலான் வாஷர், துளைக்குள் நைலான் உறை, மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை. 316 எஃகும் அலுமினியத்தைத் தின்னக்கூடியதே. போல்ட் சிறியது, பலகை பெரியது என்பதால் மெதுவாகத் தின்னும். நைலான் இடையில் இருந்தால் அதுவும் நிற்கும். துளை ஓவலாகத் தேய்ந்திருந்தால் பெரிய போல்ட்டுக்கு மாறாதீர்கள், சுற்றுச்சுவர் மெலிந்துவிடும். வெல்டிங்கால் நிரப்பிப் பழைய அளவில் துளையிடுங்கள்.

விரிசல், குண்டுத் துளை, உடைந்த எழுத்து

வார்ப்பு அலுமினியம் தகடு போல வளையாது. நெளிந்த மூலையைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தப் பார்த்தால் துண்டு கையோடு வரும். எழுத்து வாசிக்க முடிகிற நெளிவானால் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கழுத்திலோ விளிம்பிலோ உள்ள விரிசலுக்கு டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால், மந்த வாயுப் போர்வையில் செய்வது). விரிசல் முடிகிற இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் ஓடும். கார்பைடு பர்ரால் (சுழலும் அரைமுனை) விரிசல் நெடுக "வி" பள்ளம் தோண்டுங்கள். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு வண்ணமும் எண்ணெயும் இல்லாமல் அசிட்டோனால் துடைக்க வேண்டும். வெப்பக் காட்டிக் குச்சி வைத்துப் பார்த்து 150 முதல் 200 டிகிரி செல்சியஸ்வரை சூடேற்றுங்கள். ஆர்கான் வாயு, ஏ.சி. மின்னோட்டம், 4043 வகை நிரப்புக் கம்பி. இந்த மாதிரிப் பழைய வார்ப்பில் சிலிக்கான் அதிகம் இருக்கும். அதற்கு 4043 பொருந்தும். 5356 போட்டால் தையல் நொறுங்கும். முதல் ஓட்டத்தில் கருப்பாகத் தெறித்துக் குமிழ் வரும். 70 ஆண்டு ஈரமும் அழுக்கும் வார்ப்பின் துளைகளிலிருந்து வெளியேறுவதுதான் அது. அந்தத் தையலைப் பர்ரால் தோண்டியெடுத்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது முறையில் சுத்தமாக உட்காரும். முடிந்ததும் கண்ணாடி நார்ப் போர்வை போர்த்தி மெல்ல ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

நாட்டுப்புறச் சாலைப் பலகைகளில் துப்பாக்கிக் குண்டுத் துளைகள் சாதாரணம். எழுத்துக்கு நடுவில் உள்ள சிறு துளைக்கு வெல்டிங் வேண்டாம். அந்தச் சூடு பக்கத்து எழுத்தை உருக்கும். பின்பக்கம் நாடா ஒட்டி, அலுமினியத் தூள் கலந்த எபாக்சியை இரண்டு தவணையாக நிரப்பி, 24 மணி நேரம் கழித்து உரசுங்கள். கார் பட்டறையில் பூசும் பாலியெஸ்டர் பட்டி ஈரம் உறிஞ்சி, சில கோடைகளில் வில்லையாகக் கழன்று விழும்.

எழுத்தே உடைந்திருந்தால் புதிதாகச் செதுக்க முயல வேண்டாம். அதே பலகையில், அதே அளவில், முழுதாக உள்ள அதே எழுத்தைத் தேடுங்கள். தலைப்பெழுத்தும் உள்ளெழுத்தும் வேறு வேறு அளவு என்பதால் அளந்து பாருங்கள். அதன் மேல் வாஸ்லின் மெல்லத் தடவி, இரு பகுதிச் சிலிக்கான் களியைச் சமமாகப் பிசைந்து அழுத்துங்கள். பிடித்ததும் உரித்தால் அச்சு கிடைக்கும். அதில் அலுமினிய எபாக்சியை நிரப்பி, ஒரு நாள் விட்டு எடுத்து, அடிப்பாகத்தைக் கண்ணாடி மேல் வைத்த 220 உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். அச்சு எடுத்த எழுத்தில் வாஸ்லின் துளி நின்றாலும் பின்னால் வண்ணம் அங்கே பிடிக்காது. அதையும் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். ஒட்டும்போது வரியின் இரு முனைக்கும் நூல் கட்டி அடிக்கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் ஏறினாலும் கண் அங்கேதான் போகும்.

வாசகத்தில் பிழை தெரிந்தாலும் திருத்துவது இந்த வேலையில் சேராது. படத்தோடு சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். உடைந்ததை நிரப்பும்போது பழைய படத்தில் என்ன இருந்ததோ அதுவே.

கழுவுதலும் சுரண்டலும்

மரப்பாசியையும் கற்பாசியையும் தண்ணீரில் அரைமணி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பிறகு மிதமான பாத்திரச் சோப்பு, நைலான் பிரஷ், நிறையத் தண்ணீர். செம்மண் கறை எழுத்தின் அடியோரத்தில் அடைந்திருக்கும். அதற்குப் பழைய பல்துலக்கும் பிரஷும் பொறுமையும்தான் மருந்து. பிளீச்சிங் திரவமும் காஸ்டிக் கலந்த அடுப்புத் துப்புரவுத் திரவமும் வேண்டவே வேண்டாம். காஸ்டிக் சோடாவில் அலுமினியம் நுரைத்துக் கரையும். வண்ணம் நீக்கும் களிம்பிலும் காஸ்டிக் வகை உண்டு. டப்பாவில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று இருந்தால் மட்டுமே வாங்குங்கள். பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவானது, ஆனால் உலோகத்தைத் தொடாது. பூசி, பாலித்தீன் மூடி, சில மணி நேரம் விட்டால் எழுத்துச் சந்துகளிலிருந்தும் கிளம்பிவரும்.

பீச்சித்தான் ஆக வேண்டும் என்றால் நுணுக்கிய கண்ணாடித்தூளோ பிளாஸ்டிக் துகளோ, 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தில். பட்டறைக்காரர் இரும்புக்குப் பழகிய கை. வழக்கமான மணலும் அழுத்தமும் வைத்து விளாசினால் கூர்மையான எழுத்து சோப்புக் கட்டி எழுத்தாகிவிடும். பின்பக்கத்து மூலையில் ஒரு சாண் இடத்தில் அடித்துக் காட்டச் சொல்லிவிட்டு மற்றதை ஒப்படையுங்கள்.

பச்சை

ஜார்ஜியாவில் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பைன் மகரந்தம் மஞ்சள் மாவாகப் பறக்கும். அந்த வாரங்களில் திறந்தவெளியில் பெயிண்ட் அடித்தால் பலகை மாவு தோய்த்த வடை போல ஆகும். ஜூலை, ஆகஸ்டின் புழுக்கமும் உதவாது. அக்டோபர் நல்ல மாதம். 10 முதல் 32 டிகிரி வெப்பம், பனி இறங்குவதற்கு நான்கு மணி நேரமாவது முன்னால் கடைசிக் கை முடிந்திருக்க வேண்டும்.

வெற்று உலோகமாகச் சுரண்டிய பலகைக்கு 180 உப்புத்தாளால் உரசி, துடைத்து, அதே நாளில் இரு பகுதி எபாக்சி பிரைமர். மறுநாளுக்குத் தள்ளினால் ஆக்சைடு படலம் மீண்டும் தடித்துவிடும். பழைய வண்ணம் பெரும்பகுதி நிற்கிற பலகையில் எபாக்சி வேண்டாம். அதன் கரைப்பான் பழைய எனாமலைச் சுருட்டிவிடும். அங்கே உலோகம் தெரிகிற இடத்துக்கு மட்டும் அரிக்கும் வகைப் பிரைமரை மெல்லிய புகை போலத் தெளியுங்கள். இது தடிமனாக விழுந்தால் உள்ளே ஈரமாகவே நின்று, மேலே அடித்த எனாமலோடு சேர்ந்து உரியும்.

பச்சைக்கு வெளிப்புற ஆல்கிட் எனாமல். பலகை 42-க்கு 38 அங்குலம் என்று கொண்டால் ஒரு பக்கம் ஏறக்குறைய 1 சதுர மீட்டர். இரண்டு பக்கம், இரண்டு கை, புடைப்பு எல்லாம் சேர்த்து அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஒரு குவார்ட் டப்பா (946 மில்லி) தாராளம். எழுத்தின் மேலும் சேர்த்தே அடியுங்கள், எழுத்தைத் தவிர்த்து அடிக்க முயல வேண்டாம். பிரஷால் அடித்தால் எழுத்துக் குழிகளில் வண்ணம் தேங்கி வடியும். பத்து நிமிடம் கழித்துக் காய்ந்த பிரஷால் ஒருமுறை ஒற்றியெடுங்கள். ஸ்பிரே டப்பா என்றால் மேலே எழுதியிருக்கும் மறுபூச்சு நேரத்தை அப்படியே பின்பற்றுங்கள். "ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரத்துக்குப் பின்" என்றிருந்தால், இடையில் அடித்தது தோல் போலச் சுருங்கும்.

பிறகு ஒரு வாரம் சும்மா விடுங்கள். தொட்டால் ஒட்டாது என்பதற்கும் உள்ளே இறுகியது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த வேலையில் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

பொன்னெழுத்து

கடையில் மின்னும் தங்கப் பெயிண்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் மினுமினுப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தூள். வெயிலிலும் மழையிலும் அது பழுப்பாகி, பச்சையாகும். உலோகத்தூள் இல்லாத, பொன்னிறச் சாயம் கலந்த விளம்பர எழுத்து எனாமல் வாங்குங்கள். அமெரிக்காவில் பலகை எழுதுவோர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒன் ஷாட் வகையில் போலிப் பொன் என்றே ஒரு நிறம் இருக்கிறது. அரை பைன்ட் (237 மில்லி) ஒரு பலகைக்குப் போதும், மீதியும் இருக்கும்.

பலகை படுக்கையாக இருக்க வேண்டும். நிற்கவைத்து உருட்டினால் வடியும். ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு தேக்கரண்டி வண்ணம் விட்டு, 4 அங்குல ரப்பர் உருளையால் தேய்த்துப் பரப்புங்கள். உருளை சறுக்காமல், ஒட்டி உரியும் சத்தத்தோடு ஓடும் பதம் வந்ததும் பலகைக்குக் கொண்டுபோங்கள். எழுத்து வரிக்கு இணையாக உருட்டினால் இரண்டு வரிக்கு நடுவில் உருளை இறங்கிப் பச்சையைத் தொடும். குறுக்குச் சாய்வாக உருட்டுங்கள், எடை கொடுக்காமல். பஞ்சு உருளை வேகமானது, ஆனால் அமுங்கும். அமுங்கினால் எழுத்தின் பக்கச் சுவரிலும் பொன் வழியும், தூரத்திலிருந்து எழுத்து தடித்துக் குழம்பித் தெரியும். முதல் கை பாதி மூடினால் போதும். மறுநாள் இரண்டாம் கை.

வார்ப்பில் எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தாழ்ந்தவற்றை உருளை தொடாமல் போகும். மெல்லிய எழுத்துப் பிரஷால் பின்னர் நிரப்புங்கள். கர்ட்ஸின் வாசகங்களில் படைப்பிரிவுச் சுருக்கங்கள் நிறைய. ஆர்மி கோர் என்பதை ஏ.சி. என்று புள்ளி வைத்துத்தான் எழுதுவார். இந்தப் புள்ளிகளைத்தான் முதலில் கோட்டைவிடுவோம். முதல் படத்தை அச்சிட்டு வைத்து வரி வரியாக ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் டிக் செய்யுங்கள். மேலே உள்ள மாநில முத்திரையில் மூன்று தூண்கள் தாங்கும் வளைவின் நுண்கோடுகளுக்கு உருளை உதவாது. கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷை மேலாக வருடினால் புடைத்த கோடு மட்டும் பொன்னாகும்.

பச்சையில் பட்ட பொன்னை ஈரமாக இருக்கும்போதே மூங்கில் குச்சியில் சுற்றிய துணியை மினரல் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். ஒரு வாரம் காத்திருந்த பச்சை இதைத் தாங்கும். இரண்டே நாள் காய்ந்த பச்சை துணியோடு வந்துவிடும்.

மேலே வார்னிஷ் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. புற ஊதா வெயிலில் அது மஞ்சளாகிச் செதிலாகப் பெயரும். அடுத்த முறை வருபவர் நல்ல எனாமலையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும். முழுதாகக் காய்ந்தபின் கார்னாபா மெழுகு ஒரு கை, வருடம் ஒருமுறை. அது போதும்.

திரும்ப நடுதல்

தோண்டுவதற்குச் சில வேலை நாள் முன்பே 811 எண்ணை அழைத்து, நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். போர்க்களத்தில் புதுக் குழி எதற்கு? முடிந்தவரை பழைய குழியையே பயன்படுத்துங்கள். ஈயக் குண்டோ பட்டனோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளக் கூடாது. இடத்தைக் குறித்து, வேலையை நிறுத்தி, நிலத்துக்கு உரியவர்களிடம் சொல்லுங்கள். உருண்டையான கனத்த இரும்பு தட்டுப்பட்டால் தொடவே வேண்டாம், காவல்துறையை அழையுங்கள். 2008-இல் வர்ஜீனியாவில் இந்தப் போரின் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அது வெடித்து இறந்தார். வெடிமருந்து 140 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தது.

குழி 12 அங்குல விட்டம், 36 அங்குல ஆழம். அடியில் 4 அங்குலம் ஜல்லி. 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை ஒன்று 0.6 கன அடி தரும். கணக்குப்படி ஏறக்குறைய மூன்றரை மூட்டை. செம்மண் குழி ஒருபோதும் நேராக வராது என்பதால் நான்கு கொண்டுபோங்கள். அலுமினியக் கம்பமானால் கான்கிரீட்டில் புதையும் பகுதிக்கும் தரைக்கு மேல் 2 அங்குலத்துக்கும் தார் பெயிண்ட் இரண்டு கை. ஈரக் கான்கிரீட்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். கான்கிரீட்டின் மேற்பரப்பு கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சரிய வேண்டும். குழாய்க் கம்பத்தில் கான்கிரீட்டுக்குச் சற்று மேலே 6 மில்லிமீட்டர் வடிதுளை ஒன்று போடுங்கள். உள்ளே நின்ற தண்ணீர் ஜனவரி இரவில் உறைந்தால் கம்பம் நெடுக்கில் பிளக்கும்.

"இனிமேல் யாரும் இடித்துச் சாய்க்க முடியாதபடி" என்று தடித்த இரும்புக் குழாயில் கான்கிரீட் நிரப்பி நடுவதைப் பார்க்க முடிகிறது. அதைச் செய்யாதீர்கள். சாலையோரக் கம்பம் கார் மோதினால் முறிய வேண்டும். பலகையை மறுபடி வார்த்துக்கொள்ளலாம்.

கம்பத்தை ரசமட்டத்தால் இரு திசையிலும் பார்த்து, முட்டுக்கொடுத்து, மூன்று நாள் பலகை இல்லாமல் நிற்கவிடுங்கள். பிறகு குறித்துவைத்த டிகிரிக்குத் திருப்பி, நைலான் உறைகளோடு பூட்டி, கழுத்துக்கும் கம்பத்துக்கும் இடையிலான மேல்சந்தை மட்டும் நியூட்ரல் வகைச் சிலிக்கானால் அடையுங்கள். புளித்த வாடை அடிக்கும் வகை அமிலம் கக்கும். கீழ்ச்சந்து திறந்தே இருக்கட்டும், உள்ளே போன தண்ணீர் அங்கேதான் வெளியேறும். முதல் பெருமழைக்கு மறுநாள் போய்க் கீழ்ச்சந்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் வடிந்த தடம் இருந்து, விரலில் வெள்ளைப் பொடி இல்லாவிட்டால் கழுத்து சரியாக இருக்கிறது. அடுத்த பரிசோதனை புல் வெட்டும் பருவம் தொடங்கும் ஏப்ரலில்.